வாசலில் கழற்றிய மெட்டி

குருவம்மா அத்தை பெண்களின் முகத்தைப் பார்ப்பதற்கு முன்னால் காலைத்தான் பார்ப்பாள். அதுதான் அவளுடைய வேலை. ஏழாயிரம்பண்ணைக்குத் தெற்கே கரிசல் காட்டுக்கு நடுவில் இருக்கிற பட்டாசுக் கம்பெனியின் வாசலில் அவள் உட்கார்ந்திருப்பாள். காலையில் வேன் வந்து நிற்கும். பெண்கள் இறங்கி வரிசையாக வருவார்கள். தலையில் ஊசி குத்தியிருக்கிறார்களா, கையில் வளையல் கிடக்கிறதா, கட்டியிருப்பது நூல் சேலைதானா, இடுப்பில் சாவி தொங்குகிறதா என்று ஒவ்வொருவரையும் தொட்டுப் பார்த்துத்தான் உள்ளே விடுவாள். கடைசியில் கால். கொலுசும் மெட்டியும் கழற்றியே ஆக வேண்டும்.

கொலுசைக் கழற்றுவது சுலபம். மெட்டி அப்படி இல்லை. வருஷக்கணக்காக விரலில் கிடந்து சதையோடு இறுகியிருக்கும். அதற்காக அத்தை பக்கத்தில் ஒரு சின்ன பாட்டிலில் தேங்காய் எண்ணெய் வைத்திருப்பாள். இரண்டு சொட்டு விட்டு, விரலை உருவி, திருகித் திருகி எடுப்பாள். எடுத்ததை அவரவர் துணிப் பையில் போட்டு, காவல் கொட்டகையின் பலகையில் அடித்திருக்கும் ஆணிகளில் மாட்டுவாள். சாயங்காலம் வெளியே வரும்போது எல்லோரும் பையை வாங்கி, அங்கேயே தரையில் உட்கார்ந்து மெட்டியைத் திரும்பப் போட்டுக்கொள்வார்கள்.

அவள் எனக்குச் சொந்த அத்தை இல்லை, பக்கத்து வீடு. நான் பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டுவிட்டு, அதே கம்பெனியில் பேக்கிங் ஷெட்டில் லேபிள் ஒட்டுகிறேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அதனால் கழற்ற மெட்டியும் இல்லை. இதில் பாதி நான் கண்ணால் பார்த்தது. மீதி அத்தையும், அவள் வீட்டுக்காரர் பாண்டிராஜ் மாமாவும், அங்கேயே வேலை செய்யும் வேல்விழியும் சொல்லிக் கேட்டது.

ஏன் இரும்பும் வெள்ளியும் உள்ளே போகக்கூடாது என்பதை அத்தைக்கு யாரும் வாயால் சொல்லிக் கொடுக்கவில்லை. அவள் வேலைக்குச் சேர்ந்த அன்று போர்மேன் சங்கையா அண்ணாச்சி அவளை வாசலுக்கு வெளியே ஒரு பாறைக் கல்லிடம் கூட்டிப் போனார். கல்லின் மேல் ஒரு சிட்டிகை மருந்தை வைத்தார். எங்கள் ஊரில் மருந்து என்றால் பட்டாசுக்குள் போகிற மருந்துதான். ஒரு நீளமான கம்பின் நுனியில் ஆணியைக் கட்டி, தள்ளி நின்று, அந்த மருந்தின் மேல் ஒரு தேய்ப்பு தேய்த்தார். கண்ணுக்கு முன்னால் வெள்ளையாக ஒன்று வெட்டியது. அவ்வளவுதான். கல்லில் உள்ளங்கை அகலத்துக்குக் கறுப்பு விழுந்தது.

“இது ஒரு சிட்டிகை. உள்ள சட்டி சட்டியா இருக்கு,” என்று மட்டும் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார்.

அந்தக் கல் இன்னும் வாசலில் கிடக்கிறது. எத்தனை மழை பெய்தும் கறுப்பு போகவில்லை. அத்தை உட்காரும் இடத்திலிருந்து பார்த்தால் அது நேராகத் தெரியும்.

பாண்டிராஜ் மாமா வேலை செய்வது மருந்து ரூமில். கம்பெனியின் கடைசி ஓரத்தில், மற்ற ஷெட்களிலிருந்து விலகி, மண்மேட்டுக்குப் பின்னால் தனியாக நிற்கும் ஒற்றை அறை அது. அங்கே மாமா மருந்துகளைச் சலித்துக் கலந்து கொடுப்பார். ஏன் அந்த அறையை மட்டும் அத்தனை தூரத்தில் கட்டினார்கள் என்று யாரும் கேட்க மாட்டார்கள். அத்தை தினமும் அவர் அந்தப் பக்கம் நடந்து போவதைப் பார்ப்பாள். மண்மேட்டுக்குப் பின்னால் அவர் தலை மறைந்ததும் முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொள்வாள். சாயங்காலம் அந்தத் தலை மறுபடி தெரியும் வரைக்கும் அந்தச் செருகலை எடுக்க மாட்டாள். ஏன் அப்படி என்று நான் ஒரு தடவை கேட்டேன். “ஓடணும்னா தடுக்காம இருக்கணும்ல,” என்றாள்.

அத்தைக்குப் பயம் என்பது இப்படித்தான், உடுத்துகிற சேலை மாதிரி கூடவே இருந்தது. அந்த வருஷம் வந்த பயம் வேறு. அது டிவியிலிருந்து வந்தது.

2008ஆம் வருஷம். அரசாங்கக் கலர் டிவி எங்கள் தெருவுக்கு வந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. டிவி எல்லா வீட்டுக்கும் வந்துவிட்டாலும் கேபிள் இழுத்திருந்தது அத்தை வீட்டில்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் சாவித்திரி கதையைச் சீரியலாகப் போட்டார்கள். வடக்கே எடுத்துத் தமிழில் பேச்சை மாற்றியது. வாய் அசைவது ஒன்று, காதில் விழுவது ஒன்று. அதை யாரும் பொருட்படுத்தவில்லை. அடுப்பை அணைத்துவிட்டு வந்து, வாசல் வரைக்கும் அடைத்து உட்கார்ந்தார்கள்.

கதை எல்லோருக்கும் தெரிந்ததுதான். ராஜா மகள் சாவித்திரி, காட்டில் விறகு வெட்டும் சத்தியவானை விரும்புகிறாள். அவன் ஒரே வருஷத்தில் செத்துப்போவான் என்று நாரதர் சொல்கிறார். தெரிந்தே அவனைக் கட்டிக்கொள்கிறாள். அந்த நாள் வருகிறது. எமன் வந்து உயிரை எடுத்துப் போக, அவள் விடாமல் பின்னாலேயே நடந்து போய் மீட்டு வருகிறாள். என் பாடப் புத்தகத்தில் இரண்டு பக்கத்தில் முடிந்த கதையை டிவியில் மாசக்கணக்காக ஓட்டினார்கள். கடைசியில் சத்தியவான் பிழைத்துவிடுவான் என்று தெரிந்திருந்தும் பெண்கள் பயந்தார்கள். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அவனுடைய ஒரு வருஷத்தில் கொஞ்சம் குறைந்தது. அந்தக் குறைவதைத்தான் அவர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்த வீட்டுக்குள் உட்கார்ந்திருந்த பெண்களில் காலையில் வேலைக்குப் போகும் புருஷன் சாயங்காலம் வருவானா என்று நினைக்காதவள் ஒருத்தியும் கிடையாது. அதனால் நாரதர் சொன்னதை அவர்கள் கதையாக எடுத்துக்கொள்ளவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை இப்படி ஒரு காட்சி வந்தது. சாவித்திரி ஆற்றில் குளிக்க இறங்குகிறாள். கால் மெட்டியைக் கழற்றிக் கரையில் ஒரு கல்லின் மேல் வைக்கிறாள். காக்கை ஒன்று வந்து அதைத் தூக்கிக்கொண்டு போகிறது. உடனே எங்கேயோ தூரத்தில் எருமையின் கழுத்து மணி கேட்கிறது. டங்… டங்… என்று மெதுவாக. காட்டில் மரம் வெட்டிக்கொண்டிருந்த சத்தியவானுக்குக் கண் இருட்டி, கோடாலி கை நழுவுகிறது. திரையில் கறுப்பு எருமையின் குளம்புகள் மட்டும் தெரிந்து, அப்படியே நின்று, தொடரும் போட்டுவிட்டார்கள்.

என் பாடப் புத்தகத்தில் மெட்டியே கிடையாது. நான் அதைச் சொன்னேன். யாரும் காதில் வாங்கவில்லை. அத்தை தன் கால் விரல்களைச் சேலைக்குள் இழுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலை வாசலில் வரிசை நகரவில்லை.

முதலில் நின்றவள் வேல்விழி. வைகாசியில்தான் கல்யாணம் ஆனவள். அவள் புருஷன் முனியராஜ் கம்பெனி லோடு வண்டியில் போகிறவன். அத்தை எண்ணெய் பாட்டிலை எடுத்ததும் அவள் காலைப் பின்னால் இழுத்துக்கொண்டாள்.

“அத்த, கொலுச வேணும்னா கழட்டுதேன். மெட்டி வேண்டாம் அத்த.”

“ஏத்தா, தினமும் கழட்டுறதுதான?”

“நேத்து நீகளும்தான பாத்தீக?”

பின்னால் நின்ற பேச்சியம்மாள் வாயைத் திறந்தாள். அவளுக்கு எப்போதும் நாக்கில் கொஞ்சம் உப்பு அதிகம்.

“அவுகளுக்கென்னத்தா. கழட்டச் சொல்லுதவுக காலப் பாரு, எப்படி மினுங்குதுன்னு.”

எல்லோரும் அத்தையின் காலைப் பார்த்தார்கள். அத்தை ஷெட்டுக்குள் போகிறவள் இல்லை. வாசலில் உட்காருகிறவள் கழற்ற வேண்டும் என்று விதி இல்லை. கல்யாணத்தன்று போட்ட மெட்டி அப்படியே கிடந்தது.

“நான் உள்ள போறதில்லையே பேச்சி,” என்றாள் அத்தை.

“நீக போகல. ஒங்க வீட்டுக்காரர் போறாகல்ல? எங்க மெட்டியெல்லாம் கழட்டி ஆணியில மாட்டிட்டு, ஒங்க மெட்டிய மட்டும் காலுல போட்டு உக்காந்திருக்கீக. எமன் வந்தான்னா யாரு வீட்டுக்குப் போவான்? நீகளே சொல்லுங்க.”

யாரும் சிரிக்கவில்லை. வேன்காரர் வண்டியைத் திருப்பிக்கொண்டு போனார். உள்ளே வேலை ஆரம்பிக்கும் மணி அடித்தது. தீபாவளிக்கு முந்தின சீசன். கொஞ்சம் தாமதமானாலும் போர்மேன் வந்துவிடுவார்.

அத்தை அன்று செய்ததை அவளே என்னிடம் இப்படித்தான் சொன்னாள்: “பேச்சி சொன்னது பொய்யின்னா நான் கோவிச்சிருப்பேன். ராத்திரி முச்சூடும் நானே அதத்தான் நெனச்சுக்கிட்டுக் கெடந்தேன். என் காலுல கெடக்குறதுனாலதான் அவுக திரும்பி வாராகன்னு.”

காவல் கொட்டகையில் முதலுதவிப் பெட்டி இருந்தது. அதிலிருந்து பிளாஸ்திரியை எடுத்து, வேல்விழியின் மெட்டியின் மேல் இரண்டு சுற்றுச் சுற்றினாள். வெள்ளி வெளியே தெரியவில்லை. “அழுத்தி வச்சுக்கோ. கால ஒதறாத,” என்றாள். அடுத்து நின்ற செல்வலட்சுமி காலை நீட்டினாள். அதற்கு அடுத்து பேச்சியம்மாள். அந்த வாரத்துக்குள் கல்யாணமான பெண்கள் எல்லோருடைய விரலிலும் பிளாஸ்திரி ஏறிவிட்டது. ஆணிகளில் துணிப் பைகள் காலியாகத் தொங்கின.

சங்கையா அண்ணாச்சி கவனித்துவிட்டார். “என்ன குருவம்மா, கம்பெனியில அம்புட்டுப் பொம்பளைகளுக்கும் அதே வெரல்லதான் கல்லு இடிக்குமா?”

“காட்டுப் பாத அண்ணாச்சி. முள்ளும் கல்லுமாக் கெடக்கு.”

அவர் அத்தையின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அதற்குள் யாரோ ஆர்டர் விஷயமாகக் கூப்பிட, போய்விட்டார். ஒருவேளை அவர் வீட்டிலும் அந்தச் சீரியல் ஓடியிருக்கலாம்.

அதன் பிறகு அத்தைக்கு இரண்டு பக்கமும் பயம். மெட்டியைக் கழற்றினால் எமன். கழற்றாவிட்டால் அந்தக் கறுப்புக் கல். வாசலில் உட்கார்ந்து ஒவ்வொரு சத்தத்தையும் கேட்டுக்கொண்டே இருந்தாள். தகர டப்பா விழுந்தால் எழுந்து நிற்பாள். யாராவது தும்மினால் திரும்பிப் பார்ப்பாள். சாப்பாட்டுத் தூக்கைத் திறக்காமலே வீட்டுக்குத் திருப்பிக் கொண்டு வருவாள்.

கம்பெனிச் சுவருக்கு வெளியே, அறுவடை முடிந்த புஞ்சையில் சுடலை என்பவர் எருமை மேய்ப்பார். பல வருஷமாக மேய்க்கிறார். அதில் ஒரு எருமையின் கழுத்தில் வெண்கல மணி உண்டு. அதுவரைக்கும் அந்தச் சத்தம் இருப்பதே யாருக்கும் தெரியாது. ஒருநாள் அத்தை சுவரோரம் போய் அவரைக் கூப்பிட்டாள்.

“அண்ணே, அந்த மணிய மட்டும் கழட்டிருங்கண்ணே.”

“ஏன், ஒங்க கம்பெனிக்குள்ள எரும வேலைக்கு வருதா? அதையும் சோதன போடணுமோ?”

“சிரிக்காதீகண்ணே. கேக்க முடியல.”

அவர் அத்தையின் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். தலைத் துண்டில் ஒரு முனையைக் கிழித்து, மணிக்குள் நாக்கைச் சுற்றித் திணித்தார். அதற்குப் பிறகு மணி மொத்து மொத்தென்றுதான் ஆடியது.

இதை மாமா கேள்விப்பட்டு வீட்டில் உட்கார்ந்து சிரித்தார். மாமாவுக்கு எதைச் சொன்னாலும் கேலிதான். மருந்து ரூமில் வேலை பார்ப்பவர்கள் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கிறார்கள்.

“எதுக்குப் பயப்படுத? எமன் நம்ம கம்பெனிக்கு வந்தா நேரா உள்ள வந்துர முடியுமா? வாசல்ல நீ இருக்க. கிரீடம், கதாயுதம், எரும மணி எல்லாத்தையும் கழட்டி ஆணியில மாட்டிட்டு, செருப்பு இல்லாமத்தான் விடுவ. நூல் வேட்டி கட்டிட்டு வாங்கன்னு திருப்பி அனுப்பிருவ.”

நாங்கள் எல்லோரும் சிரித்துவிட்டோம். அத்தை மட்டும் எழுந்து அடுப்படிக்குப் போனாள். பெண்கள் விரலில் பிளாஸ்திரி இருப்பது மாமாவுக்குத் தெரியாது.

புரட்டாசி பிறந்தது. சீரியலில் அந்த எருமைக் காட்சி சாவித்திரி கண்ட கனவு என்று காட்டிவிட்டிருந்தார்கள்; இப்போது சத்தியவானுக்கு நிஜமாகவே மூன்று நாள்தான் பாக்கி. சாவித்திரி பட்டினி விரதம் தொடங்கிவிட்டாள். எங்கள் பெண்களிலும் சிலர் காலையில் வெறும் டீயோடு வந்தார்கள். அந்த வாரம் வியாழக்கிழமைதான் அது நடந்தது.

வேல்விழி வேலை செய்வது பூச்சட்டி என்கிற புஸ்வாணத்துக்கு மருந்து அடைக்கிற அறையில். ரப்பர் விரிப்பில் காலை மடக்கி உட்கார்ந்து, முன்னால் மருந்துச் சட்டியை வைத்துக்கொண்டு அடைப்பார்கள். அன்று வெயில் கடுமை. வியர்வையில் எல்லாம் நனைந்துகிடந்தது. சாப்பாட்டு மணி அடித்ததும் மிச்ச மருந்தை அறையில் வைக்கக்கூடாது என்பதால் ஆள் வந்து சட்டிகளை எடுத்துக்கொண்டு மருந்து ரூமுக்குப் போனான். பெண்கள் வெளியே தொட்டியடிக்குக் கால் கழுவ வந்தார்கள்.

தண்ணீரை ஊற்றியதும் வேல்விழி அப்படியே நின்றுவிட்டாள். வலது கால் விரலில் மெட்டி இல்லை. பிளாஸ்திரி மட்டும் சுருண்டு சேலை ஓரத்தில் ஒட்டியிருந்தது.

அவள் நேராக வாசலுக்கு வந்தாள். நான் அப்போது தண்ணீர்க் குடத்துக்காக அங்கேதான் நின்றிருந்தேன். காலைத் தூக்கிக் காட்டினாள்.

“எங்கன விட்ட?” என்றாள் அத்தை. குரல் சாதாரணமாகத்தான் இருந்தது.

“விரிப்பத் தூக்கிப் பாத்துட்டோம் அத்த. நானும் செல்வலட்சுமியும். அங்கன இல்ல. சட்டி… என் கால்கிட்டதான் சட்டி இருந்துச்சு.”

“சட்டி எங்க?”

“எடுத்துட்டுப் போயிட்டான்.”

சாப்பாட்டு நேரத்தில் மருந்து ரூமும் மூடியிருக்க வேண்டும். ஆனால் ஆர்டர் நெருக்கியதால் மாமா அந்த வாரம் முழுக்க நாலு வாய் அள்ளிப் போட்டுக்கொண்டு முதலில் எழுந்து போய்விடுவார். திரும்பி வந்த மருந்தைச் சல்லடையில் போட்டு, கையால் தேய்த்துச் சலித்து, புது மருந்தோடு சேர்ப்பதுதான் அவருடைய அடுத்த வேலை. அவர் சாப்பிட்ட இடத்தில் தூக்கு கழுவிக் கவிழ்த்துக் கிடந்தது. மண்மேட்டுக்குப் பின்னால் தலை தெரியவில்லை. ஏற்கனவே உள்ளே போய்விட்டார்.

சல்லடையில் மருந்து. அதற்குள் ஒரு வெள்ளி வளையம். மேலே மாமாவின் கை.

கத்திக் கூப்பிட முடியாது. கம்பெனிக்குள் சத்தம் போடக்கூடாது. கையில் மருந்தோடு இருக்கிறவன் திடுக்கிட்டால் என்ன ஆகும் என்று எல்லோருக்கும் தெரியும். ஓடவும் கூடாது. ஒருத்தி ஓடினால் எல்லோரும் ஓடுவார்கள். சங்கையா அண்ணாச்சி லோடு ஏற்றும் இடத்தில், கம்பெனியின் மறு கோடியில் இருந்தார். வேல்விழி நடுங்கிக்கொண்டிருந்தாள், அவளை அனுப்ப முடியாது.

“நான் போறேன்,” என்று அத்தை எழுந்தாள். இரண்டு எட்டு வைத்தவள் நின்றுவிட்டாள். குனிந்து காலைப் பார்த்தாள். அவள் விரல்களில் மெட்டி கிடந்தது.

மருந்து ரூமுக்குள் வெள்ளியோடு போக முடியாது. அங்கே தரையெல்லாம் மருந்துத் தூள். வருஷக்கணக்காக மற்றவர்களுக்கு அவள் சொல்லிவந்தது அது.

அவள் தரையில் உட்கார்ந்தாள். எண்ணெய் பாட்டிலை அப்படியே விரல் மேல் கவிழ்த்தாள். திருகினாள். வரவில்லை. கல்யாணத்துக்குப் பிறகு ஒரு நாளும் அசையாத மெட்டி. விரல் முட்டியில் வந்து சிக்கிக்கொண்டது. வேல்விழி முட்டி போட்டு உட்கார்ந்து இன்னொரு காலைப் பிடித்தாள். பேச்சியம்மாளும் வந்து சேர்ந்தாள். அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தாள். தோலோடு வந்தது. விரலைச் சுற்றி, வெயிலே படாத வெள்ளை வளையமாக ஒரு தழும்பு. அதில் மெல்ல ரத்தம் கசிந்தது.

அந்த நேரத்தில்தான் சுவருக்கு அந்தப் பக்கம் மணி அடித்தது. டங்… டங்… என்று தெளிவாக. மணிக்குள் திணித்த துணி எங்கேயோ புல்லில் உருவி விழுந்திருக்க வேண்டும்.

வேல்விழி அழ ஆரம்பித்தாள். அத்தை மெட்டி இரண்டையும் பேச்சியம்மாள் கையில் கொடுத்தாள். எழுந்தாள். கால் ரத்தத்தைத் துடைத்தாள். மண்மேட்டைப் பார்த்து நடந்தாள்.

ஓடவில்லை. நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். எண்ணெய்க் கால் மணலில் வழுக்க வழுக்க, கையை உடம்போடு ஒட்டிக்கொண்டு, சாதாரணமாக வேலைக்குப் போகிறவள் மாதிரி நடந்தாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் யாரும் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அந்த நடையில் ஒவ்வொரு எட்டுக்கும் முன்னால் வெள்ளையாக வெட்டப்போகிறது, இப்போது வெட்டப்போகிறது என்றுதான் எனக்குத் தோன்றியது. அத்தைக்கும் அப்படித்தான் தோன்றியதாம். “மணி என் பின்னாலயே வந்துச்சு. திரும்பிப் பாத்தா எரும நிக்கும்னு நெனச்சேன். பாக்கல,” என்றாள் பிறகு.

மருந்து ரூம் வாசலில் ஒரு செப்புத் தகடு பதித்திருக்கும். உள்ளே போகிறவர்கள் அதைத் தொட்டு, உடம்பில் இருக்கும் மின்சாரத்தை இறக்கிவிட்டுத்தான் போக வேண்டும். அத்தை அதில் உள்ளங்கையை வைத்து அழுத்தினாள். கதவு திறந்தே இருந்தது. மாமா முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முன்னால் சல்லடை. மருந்தை அதில் கொட்டியாகிவிட்டது. வலது கையை மருந்தின் மேல் பரப்பி வைத்திருந்தார்.

“ஏங்க,” என்றாள் அத்தை, வீட்டில் சாப்பிடக் கூப்பிடுகிற குரலில். “கையத் தேய்க்காதீக. அப்படியே மேல தூக்கிருங்க.”

மாமா திரும்பவில்லை. அந்த அறைக்குள் மனைவியின் குரலை அவர் ஒரு நாளும் கேட்டதில்லை. கை மட்டும் மெதுவாக மேலே எழும்பியது.

“என்ன?”

“உள்ள ஒரு மெட்டி கெடக்கு. எந்திரிச்சு வெளிய வாங்க. மெல்ல.”

மாமா எழுந்தார். வெளியே வந்தார். சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். பிறகு அவரே வாசலில் இருந்த தொட்டியிலிருந்து தண்ணீரை மொண்டு கொண்டுபோய், சல்லடையின் மேல் கொஞ்சம் கொஞ்சமாக விட்டார். மருந்து சேறாகிக் கீழே இறங்கியது. சல்லடையின் நடுவில், சாம்பல் பூசின மாதிரி வேல்விழியின் மெட்டி கிடந்தது.

சங்கையா அண்ணாச்சி வந்து பார்த்தார். மருந்து ரூம் பக்கத்தில் சத்தம் போடக்கூடாது என்பதால் அவர் திட்டியதுகூட ரகசியம் பேசுவது மாதிரிதான் இருந்தது.

“யாரு விட்டது?”

“நாந்தான் அண்ணாச்சி. எல்லாருக்கும் நாந்தான் பிளாஸ்திரி சுத்தி விட்டேன்.”

“கல்லக் காட்டித்தான ஒன்ன வேலையில சேத்தேன்? தினமும் அது முன்னாலதான உக்காந்திருக்க?”

“ஆமா அண்ணாச்சி.”

“பின்ன?”

டிவியில் பார்த்ததை அங்கே நின்றுகொண்டு சொல்ல முடியவில்லை என்று அத்தை பிறகு என்னிடம் சொன்னாள். அண்ணாச்சி அவளை வீட்டுக்குப் போகச் சொன்னார். நனைந்த மருந்தை எல்லாம் குழி வெட்டிக் கொட்டினார்கள். மறுநாளும் அதற்கு மறுநாளும் வாசலில் வேறு ஒரு பெண் உட்கார்ந்தாள். அவள் ஆளைப் பார்த்ததும் போ போ என்று விட்டுவிட்டாள். சனிக்கிழமை சாயங்காலம் ஷெட்டுக்குள் ஒரு கொண்டை ஊசி கிடந்தது. அதைக் கையில் எடுத்துக்கொண்டு அண்ணாச்சியே அத்தை வீட்டு வாசலுக்கு வந்து, “திங்கக்கெழம வந்துரு,” என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த வியாழக்கிழமைக்குப் பிறகு மாமா கேலி பேசவில்லை. அது எங்களுக்கு இன்னும் பயமாக இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை சீரியல் போட்டார்கள். அத்தை வீட்டில் எல்லோரும் உட்கார்ந்திருந்தார்கள். அத்தை அடுப்படி நிலையில் சாய்ந்து நின்றாள். சத்தியவான் விறகு வெட்டுகிறான். தலை வலிக்கிறது என்கிறான். சாவித்திரி மடியில் சாய்கிறான். மணி கேட்கிறது. அவள் நிமிர்ந்து பார்க்கிறாள், எதிரே கறுப்பாக ஒருவன் கயிற்றோடு நிற்கிறான். அவ்வளவுதான். தொடரும். யாரும் எழுந்திருக்கவில்லை. செல்வலட்சுமி, “அடுத்த வாரம் எந்திரிச்சிருவான்ல?” என்று கேட்டாள். “அடுத்த வாரம் அவ பின்னாலயே நடந்து போவா, உசுரக் கேப்பா, எமன் மறுப்பான். இன்னும் இழுப்பாக,” என்றாள் பேச்சியம்மாள். அவள் குரலில் அந்த உப்பு இல்லை.

திங்கட்கிழமை காலையில் நான் வேனிலிருந்து இறங்கும்போது அத்தை ஏற்கனவே வந்து உட்கார்ந்திருந்தாள். பலகையின் முதல் ஆணியில் ஒரு புதுத் துணிப் பை தொங்கியது. சின்னதாக, உள்ளே இரண்டே பொருள் இருப்பது மாதிரி. பெண்கள் அதைப் பார்த்தார்கள். பிறகு அத்தையின் காலைப் பார்த்தார்கள். விரலில் காயம் காய்ந்து, அந்த வெள்ளை வளையம் மட்டும் தெரிந்தது.

மாமா வந்தார். வழக்கமாக ஏதாவது சொல்லிவிட்டுத்தான் உள்ளே போவார். அன்று அவரும் காலைப் பார்த்துவிட்டு நின்றார்.

“சத்தியவான் இன்னும் எந்திரிக்கல,” என்றாள் அத்தை மெதுவாக.

“தெரியும்,” என்றார் மாமா.

அவர் மண்மேட்டுப் பக்கம் நடந்தார். தலை மறைந்ததும் அத்தை முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். இரண்டு தடவை செருக வேண்டியிருந்தது. சுவருக்கு அப்பால் சுடலையின் எருமை மணி அடித்துக்கொண்டே போனது. அத்தை கண்ணை மூடித் திறந்தாள். அந்தக் கறுப்புக் கல்லை ஒரு பார்வை பார்த்தாள். எண்ணெய் பாட்டிலின் மூடியைத் திருகினாள்.

முதலில் நின்றவள் வேல்விழிதான்.

“கால நீட்டுத்தா,” என்றாள் அத்தை.

வேல்விழி கண்ணை இறுக்க மூடிக்கொண்டு காலை நீட்டினாள்.